ரியல் மோடு இன்டரப்டுக்குப் பஃபர் அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்கு?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டாரத்தில் எடை மேடை, தேங்காய் மண்டி, கயிறு மில் என்று டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. மெஷின் பழசு, பிரிண்டர் டாட் மேட்ரிக்ஸ், மாற்ற முதலாளிக்கு மனசில்லை. அந்த நிரல்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. இன்டரப்ட் என்பது டாஸையோ பயாஸையோ (மெஷினிலேயே இருக்கும் அடிப்படை நிரல்) எண் சொல்லிக் கூப்பிடும் வழி. பஃபர் என்பது அதற்குக் கொடுக்கும், அதனிடம் வாங்கும் தரவு இருக்கும் இடம். டிஜேஜிபிபி கம்பைலரை வைத்துத்தான் பேசுகிறேன். ஜிசிசி என்ற சி கம்பைலரை டாஸுக்குக் கொண்டுவர டிஜே டெலோரி 1989-இல் தொடங்கிய திட்டம் அது. வாட்காம் என்ற இன்னொரு கம்பைலர் வைத்திருப்பவர்களுக்கும் கீழே ஒரு பதில் இருக்கிறது.

ஃபங்ஷன் பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். டிபிஎம்ஐ என்று தொடங்கும் பெயர்களுக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘எச்’ வந்தால் அது ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடியாகக் கொண்ட எண்.

அண்ணா, டர்போ சி-யில் ஒழுங்காக ஓடிய அதே வரி இங்கே ஏன் உளறுகிறது?

டர்போ சி என்ற பழைய கம்பைலரில் உங்கள் நிரலும் ரியல் மோடு (சிபியு-வின் பழைய 16 பிட் நிலை), டாஸும் ரியல் மோடு. பாயின்டர் என்றால் செக்மென்ட், ஆஃப்செட் என்று இரண்டு 16 பிட் எண்கள். செக்மென்டை 16-ஆல் பெருக்கி ஆஃப்செட்டைக் கூட்டினால் முகவரி. மொத்தமே ஒரு எம்பி-க்குள் அடங்கிவிடும். டிஎஸ், டிஎக்ஸ் என்ற ரெஜிஸ்டர்களில் (சிபியு-வுக்குள் எண் வைக்கும் சிறு இடங்கள்) பஃபரின் முகவரியைப் போட்டு, டாஸின் இன்டரப்டான 21எச்-ஐக் கூப்பிட்டால், நீங்கள் பார்க்கிற அதே பைட்டைத்தான் டாஸும் பார்க்கும்.

டிஜேஜிபிபி நிரல் ஓடுவது புரொடக்டட் மோடில், அதாவது நினைவகத்துக்குக் காவல் உள்ள 32 பிட் நிலையில். அங்கே பாயின்டர் என்பது 32 பிட் ஆஃப்செட் மட்டும். அது உங்கள் டேட்டா செக்மென்டின் தொடக்கத்திலிருந்து எண்ணப்படுகிறது. அந்தத் தொடக்கமோ நினைவகத்தில் வேறெங்கோ, பெரும்பாலும் ஒரு எம்பி-க்கு மேலே இருக்கிறது. ரியல் மோடில் ஓடும் டாஸுக்கு அந்த இடம் எட்டவே எட்டாது. நம் ஊர் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் 4/12 என்று ஒரு கதவு எண் இருக்கும், அந்தப் பக்கமும் ஒரு 4/12 இருக்கும். எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்து ஆளை அனுப்பினால் அவர் அந்தப் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்.

தட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. ரியல் மோடில் காவல் கிடையாது, தப்பான முகவரி என்று யாரும் பிழை சொல்ல மாட்டார்கள். 21எச்-இன் 09எச் சர்வீஸ், டாலர் குறி கண்ணில் படும்வரை அச்சடித்துக்கொண்டே போகும். இடம் தப்பாக இருந்தால் திரை நிறையக் குப்பையும் நடுநடுவே பீப் சத்தமும் வரும். இது நல்ல காலம், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது. கோப்பைப் படிக்கும் 3எஃப்எச்-க்குத் தப்பான முகவரி கொடுத்தால், படித்ததையெல்லாம் டாஸின் சொந்த இடத்திலேயே எழுதிவிட்டு வெற்றி என்று சொல்லித் திரும்பும். மெஷின் நிற்பது பத்து நிமிஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு மெனுவில். அப்போது குறை மெனு எழுதியவன் தலையில் விழும்.

ஆக வேலை மூன்று. கூப்பிடுவதற்கு முன் தரவை ஒரு எம்பி-க்குக் கீழே கொண்டுபோய் வைப்பது, அந்த இடத்தின் செக்மென்டையும் ஆஃப்செட்டையும் ரெஜிஸ்டரில் போட்டுக் கூப்பிடுவது, பதில் வந்திருந்தால் அதை மேலே எடுத்துவருவது.

டிபிஎம்ஐ அதைச் செய்யாதா?

செய்யாது. டிபிஎம்ஐ என்பது புரொடக்டட் மோடு நிரல் ரியல் மோடு வேலைகளைக் கேட்டு வாங்குவதற்கான ஏற்பாடு. விண்டோஸ் 3.0 காலத்தில், 1990-இல் வந்த 0.9 பதிப்புதான் இன்றும் எல்லாரும் நம்பும் டிபிஎம்ஐ. 31எச் இன்டரப்டின் 0300எச் சர்வீஸ், நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் 50 பைட் பட்டியலிலிருந்து ரெஜிஸ்டர்களை எடுத்துப் போட்டு, ரியல் மோடுக்கு மாறி, கேட்ட இன்டரப்டை நடத்தி, திரும்பி வந்த ரெஜிஸ்டர்களை அதே பட்டியலில் எழுதும். அவ்வளவுதான். ரெஜிஸ்டரில் இருப்பது வெறும் எண்ணா, ஏதாவது பஃபரின் முகவரியா என்று அதற்குத் தெரியாது. தெரியவும் வழியில்லை, ஒவ்வொரு இன்டரப்டும் வேறு வேறு ரெஜிஸ்டரைப் பயன்படுத்துகிறது.

டிஜேஜிபிபி-யில் இதைக் கூப்பிட டிபிஎம்ஐ_இன்ட் போதும். ஸ்டாக், ஃபிளாக் சமாச்சாரங்களை அதுவே பார்த்துக்கொள்ளும். இதன் நீண்ட பெயர்க்காரத் தம்பியான டிபிஎம்ஐ_சிமுலேட்_ரியல்_மோடு_இன்டரப்ட்டைத் தொட்டால் எஸ்எஸ், எஸ்பி, ஃபிளாக் மூன்றையும் நீங்களே சுழியாக்கிவிட்டுக் கூப்பிட வேண்டும். அவற்றில் குப்பை இருந்தால் மெஷின் அங்கேயே உறைந்துவிடும். எதைக் கூப்பிட்டாலும் பட்டியல் முழுவதையும் முதலில் மெம்செட் போட்டுத் துடைத்துவிடுங்கள். ஒரு வரிதானே.

அப்படியானால் எஃப்ஓபன், எஃப்ரீட் எல்லாம் எப்படி ஓடுகின்றன?

சுமக்கிற வேலையை லைப்ரரி உங்களுக்காகச் செய்கிறது. நிரல் தொடங்கும்போதே ஸ்டப் (நிரல் கோப்பின் முன்னால் ஒட்டியிருக்கும் சிறு தொடக்க நிரல்) ஒரு எம்பி-க்குக் கீழே ஒரு துண்டு இடத்தைப் பிடித்து வைக்கும். அதுதான் டிரான்ஸ்ஃபர் பஃபர், வழக்கமாக 16 கேபி. நீங்கள் ஒரு கோப்பைப் படித்தால் டாஸ் முதலில் அங்கே எழுதும், லைப்ரரி அங்கிருந்து உங்கள் அரேக்கு நகலெடுக்கும். பெரிய கோப்பென்றால் துண்டு துண்டாக.

அதே இடத்தை நீங்களும் பயன்படுத்தலாம். அதன் நேர்கோட்டு முகவரி (செக்மென்ட், ஆஃப்செட் என்று பிரிக்காத ஒரே எண்) டிபி என்ற மேக்ரோவில் இருக்கிறது, இதற்கும் முன்னால் இரண்டு அடிக்கோடு. நான்கு பிட் வலப்பக்கம் தள்ளினால் செக்மென்ட், கடைசி நான்கு பிட்டை மட்டும் எடுத்தால் ஆஃப்செட். அளவை 16 கேபி என்று நினைத்துக்கொண்டு எழுதாதீர்கள். ஸ்டப்எடிட் கருவியால் யார் வேண்டுமானாலும் அதை மாற்றலாம், கூட்டினால் 64 கேபி வரை போகும், குறைக்கவும் குறைக்கலாம். நிரலின் விவரங்களை லைப்ரரி வைத்திருக்கும் கோ32 தகவல் பிளாக்கில் உண்மையான அளவு இருக்கிறது, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தரவைக் கீழே நகலெடுக்கும் டாஸ்மெம்புட் ஃபங்ஷன் எல்லை பார்க்காது. 20 கேபி-யை 16 கேபி இடத்தில் கொட்டச் சொன்னால் கொட்டிவிடும்.

முழு உதாரணம் ஒன்று காட்ட முடியுமா? கோப்பு வேண்டாம், எங்களுக்கு உபயோகமாக ஏதாவது.

டாஸ் திரையில் தமிழ் எழுத்து. எடைச் சீட்டில் வண்டி எண் ஆங்கிலத்தில் இருந்தால் போதும், சரக்கின் பெயர் தமிழில் வேண்டும் என்று கேட்கும் இடங்களில் இதைத்தான் செய்கிறோம்.

விஜிஏ (அந்தக் கால மெஷின்களின் திரை அட்டை) டெக்ஸ்ட் மோடில் ஒவ்வொரு எழுத்தும் 8 புள்ளி அகலம், 16 வரிசை உயரம். ஒரு வரிசைக்கு ஒரு பைட், ஆக எழுத்துக்கு 16 பைட். ‘ட’ எல்லாவற்றிலும் எளிது: மேலே நான்கு வரிசை சுழி, அடுத்த ஏழு வரிசை 128, அதற்கடுத்தது 254, மிச்சம் நான்கும் சுழி. 128 என்றால் இடது ஓரத்தில் ஒரே புள்ளி, 254 என்றால் ஏழு புள்ளிக் கோடு. கிராஃப் தாளில் போட்டுப் பாருங்கள், ‘ட’ வந்துவிடும். ‘ணை’, ‘ஞ’ போன்றவை எட்டுப் புள்ளிக்குள் அடங்காது. இரண்டு கட்டமாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான்.

128 முதல் 255 வரை உள்ள மேல் பாதியைத் தமிழுக்கு ஒதுக்குகிறோம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியீடான திஸ்கியும் அப்படித்தான் செய்தது, அதன் வரிசையையே எடுத்துக்கொண்டால் பழைய கோப்புகளும் படிக்கும். 128 எழுத்து, எழுத்துக்கு 16 பைட், மொத்தம் 2048 பைட். பயாஸின் திரை இன்டரப்டான 10எச்-இன் 1100எச் சர்வீஸ்தான் இதை ஏற்றுவது. அது எழுத்து அட்டவணையின் முகவரியை இஎஸ்:பிபி-யில் எதிர்பார்க்கிறது. டர்போ சி-யின் இன்ட்86எக்ஸ் வாங்கும் ரெஜிஸ்டர் பட்டியலில் பிபி-யே கிடையாது, அதனால் அந்தக் காலத்தில் இதற்கு மட்டும் வேறு ஃபங்ஷனுக்குப் போக வேண்டியிருந்தது. டிபிஎம்ஐ பட்டியலில் எல்லா ரெஜிஸ்டரும் இருக்கின்றன.

முதலில் டாஸ்மெம்புட்டுக்கு மூன்று விவரம் கொடுங்கள்: உங்கள் அரே, 2048, டிபி. பிறகு பட்டியலைத் துடைத்துவிட்டு ஏஎக்ஸ்-இல் 1100எச், பிஎச்-இல் 16, பிஎல்-இல் 0, சிஎக்ஸ்-இல் 128, டிஎக்ஸ்-இல் 128 போடுங்கள். பிஎச் எழுத்துக்கு எத்தனை பைட் என்பது, பிஎல் எந்த பிளாக் (எழுத்துத் தொகுப்பு வைக்கும் இடம்) என்பது, சிஎக்ஸ் எத்தனை எழுத்து என்பது, டிஎக்ஸ் எந்த எண்ணிலிருந்து என்பது. கடைசி இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல், மாற்றிப் போட்டால் இன்று தெரியாது, பாதி எழுத்து மட்டும் ஏற்றும் நாளில் தெரியும். இஎஸ்-இல் டிபி-யின் செக்மென்ட், பிபி-யில் அதன் ஆஃப்செட். டிபிஎம்ஐ_இன்ட்டுக்கு 10எச்-ஐக் கொடுத்துக் கூப்பிடுங்கள். திரையில் 128-க்கு மேலே இருந்த கட்டக் கோடுகளெல்லாம் அந்த நொடியே தமிழாகிவிடும்.

இரண்டு விஷயம். யாராவது வீடியோ மோடை மாற்றினால் பயாஸ் தன் சொந்த எழுத்தை மீண்டும் ஏற்றிவிடும், நீங்களும் மீண்டும் ஏற்ற வேண்டும். அடுத்தது, விஜிஏ திரையில் ஒரு கட்டம் உண்மையில் 9 புள்ளி அகலம். ஒன்பதாவது பொதுவாகக் காலி, ஆனால் 192 முதல் 223 வரை உள்ள எண்களுக்கு மட்டும் எட்டாவது புள்ளியை அப்படியே ஒன்பதாவதிலும் போடும். கட்டக் கோடு இடைவெளி இல்லாமல் சேர்வதற்காகச் செய்த ஏற்பாடு. வலது ஓரம்வரை கோடு போகும் எழுத்துகளை அந்த எண்களில் வைத்தால் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு கட்டமாகப் பிரிந்த எழுத்தின் இடது பாதியை அங்கே வைத்தால் அதுவே வசதி.

ஒரே திரையில் தமிழும் மலையாளமும் வருமா? இந்தப் பக்கம் இரண்டுமே வேண்டும்.

வரும். விஜிஏ ஒரே நேரத்தில் 512 எழுத்து காட்டும், இரண்டு பிளாக்கிலிருந்து. தமிழ் பிளாக் 0-இல் ஏற்றியபடியே இருக்கட்டும். பிளாக் 1 காலியாக இருக்கும், அதனால் முதலில் 1104எச் சர்வீஸை பிஎல்-இல் 1 போட்டுக் கூப்பிட்டால் பயாஸின் எழுத்துகள் அங்கே வந்துவிடும். இதை மறந்தால் மலையாள வரிகளில் எண்கள் தெரியாது. அதன் மேல் பாதியில் மலையாளத்தை 1100எச் கொண்டு ஏற்றுங்கள், இம்முறை பிஎல்-இல் 1. கடைசியாக 1103எச், பிஎல்-இல் 04எச். இனிமேல் எழுத்தின் நிற பைட்டில் பிட் 3 அணைந்திருந்தால் தமிழ், எரிந்தால் மலையாளம்.

அந்த பிட் நிறத்தின் பிரகாசத்தையும் ஆட்டும் என்பதால் மலையாளம் மட்டும் பளிச்சென்று நிற்கும். வேண்டாமென்றால் 1000எச் சர்வீஸ், பிஎக்ஸ்-இல் 0712எச். நிறங்கள் எட்டாகக் குறையும். எடைச் சீட்டுக்கு எட்டு நிறம் தாராளம். ஆந்திராவின் சித்தூர், நகரிப் பக்கம் இருப்பவர்கள் மலையாளத்துக்குப் பதில் தெலுங்கை வைத்துக்கொள்ளலாம், வழி அதேதான்.

பஃபரில் சரியாகத்தான் போட்டேன். சோதிக்க ஒரு பிரின்ட்எஃப் போட்டதும் கெட்டுப்போகிறது. எடுத்தால் சரியாகிறது. பேயா?

டிரான்ஸ்ஃபர் பஃபர் உங்களுடைய சொத்து இல்லை. பிரின்ட்எஃப், எஃப்ரீட், ஓபன், டாஸைத் தொடும் எந்த லைப்ரரி ஃபங்ஷனும் அதே இடத்தைத்தான் உபயோகிக்கிறது. நீங்கள் டாஸ்மெம்புட் செய்தீர்கள், பிறகு பிரின்ட்எஃப் தன் செய்தியை அங்கேயே வைத்து டாஸிடம் கொடுத்தது, பிறகு நீங்கள் இன்டரப்டைக் கூப்பிட்டீர்கள். இன்டரப்ட் பார்த்தது உங்கள் சோதனைச் செய்தியை. எழுத்து ஏற்றும்போது இது நடந்தால் முதல் சில எழுத்துகள் மட்டும் சிதைந்து, மீதி ஒழுங்காக இருக்கும்.

இதைவிட எரிச்சலானது இன்னொன்று. திரைக்குப் போகும் வெளியீடு வரி முடியும்வரை நிரலுக்குள்ளேயே தேங்கி நிற்கும். அதனால் புதுவரிக் குறி இல்லாத பிரின்ட்எஃப் பஃபரைக் கெடுக்காது, புதுவரிக் குறி உள்ளது கெடுக்கும். ஒரே ஒரு குறியைச் சேர்த்ததும் நிரல் செத்தது என்று சொல்லிக்கொண்டு வருபவர்களை நம்பலாம், அவர்கள் பொய் சொல்லவில்லை.

வழக்கம் இதுதான்: உள்ளே வைப்பது, கூப்பிடுவது, வெளியே எடுப்பது என்ற மூன்று படிக்கும் நடுவில் வேறு எதுவும் வரக்கூடாது. பார்த்தே ஆக வேண்டுமானால் பி8000எச் முகவரிக்கு இரண்டு பைட்டை டாஸ்மெம்புட் செய்யுங்கள், எழுத்து ஒன்று, நிறம் ஒன்று. திரையின் இடது மேல் மூலையில் தெரியும், டாஸ் பக்கம் போகாது.

எனக்கென்று தனியாக இடம் வேண்டும் என்றால்?

டிபிஎம்ஐ_அலோகேட்_டாஸ்_மெமரி. அளவை பாராகிராஃப் கணக்கில் கேட்கும், ஒரு பாராகிராஃப் 16 பைட். அளவோடு 15 கூட்டி 16-ஆல் வகுத்துக் கொடுங்கள், இல்லாவிட்டால் கடைசித் துண்டு குறையும். திரும்பி வருவது செக்மென்ட், கூடவே நீங்கள் கொடுத்த மாறியில் ஒரு செலக்டர் (அந்த இடத்துக்குப் புரொடக்டட் மோடு வைக்கும் அடையாள எண்). இடம் இல்லையென்றால் -1 வரும், அப்போது அதே மாறியில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச அளவு இருக்கும்.

விடுவிக்கும்போது செலக்டரைக் கொடுக்க வேண்டும், செக்மென்டை அல்ல. இரண்டும் 16 பிட் எண்கள்தான், கம்பைலர் எச்சரிக்காது. செலக்டரைத் தொலைத்துவிட்டால் நிரல் முடியும்வரை அந்த இடம் போனதுதான். 640 கேபி-யில் பிரிண்டர் டிரைவர், மவுஸ் டிரைவர் எல்லாம் போக மிச்சம் இருப்பதிலிருந்து எடுக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஒரு தடவை கூப்பிடும் இன்டரப்டுக்கு டிரான்ஸ்ஃபர் பஃபர் போதும். கூப்பிட்டு முடிந்த பிறகும் அந்தப் பக்கத்தில் யாரோ உங்கள் தரவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றால் மட்டும் சொந்த இடம் வாங்குங்கள்.

பஃபருக்குள்ளேயே இன்னொரு பாயின்டர் இருந்தால்?

அதையும் ரியல் மோடு முகவரியாகத்தான் எழுத வேண்டும். ஹார்ட் டிஸ்கைப் படிக்கும் 13எச்-இன் 42எச் நல்ல உதாரணம். டிஎஸ்:எஸ்ஐ-யில் 16 பைட் பொட்டலம் ஒன்றின் முகவரி கொடுக்கிறீர்கள். பொட்டலத்துக்குள் (சுழியிலிருந்து எண்ணினால்) நான்காவது பைட்டில் ஆஃப்செட், ஆறாவதில் செக்மென்ட், படித்ததை எங்கே வைக்க வேண்டும் என்று. பொட்டலத்தை டிபி-யின் தொடக்கத்திலும் தரவை அதற்கு 16 பைட் தள்ளியும் வைத்துக்கொண்டால் செக்மென்டில் ஒன்று கூட்டினால் போதும். 16 கேபி-யில் பொட்டலம் போக 31 செக்டர் அடங்கும். 32 கேட்காதீர்கள்.

பதிலாகவே பாயின்டர் வந்தால்?

10எச்-இன் 1130எச் சர்வீஸிடம் பிஎச்-இல் 6 போட்டுக் கேட்டால், பயாஸின் 8க்கு 16 எழுத்து அட்டவணை எங்கே இருக்கிறது என்று இஎஸ்:பிபி-யில் சொல்லும். இஎஸ்-ஐ 16-ஆல் பெருக்கி பிபி-யைக் கூட்டி, அந்த எண்ணை டாஸ்மெம்கெட்டுக்கு (கீழே இருப்பதை மேலே நகலெடுப்பது) கொடுத்து 4096 பைட் எடுங்கள். சி பாயின்டராக மாற்றி நட்சத்திரம் போட்டுப் படிக்க வேண்டாம், அது உங்கள் பக்கத்து 4/12. தமிழ் எழுத்து வரையத் தொடங்குபவர்கள் முதலில் இந்த அட்டவணையை எடுத்து, ஆங்கில எழுத்து எந்த வரிசையில் உட்காருகிறது என்று பார்த்துவிட்டு வரைந்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

வெசா தகவலைக் கேட்டால் ‘வெசா’ என்ற நான்கெழுத்து சரியாக வருகிறது, பின்னால் வருவதெல்லாம் குப்பை. ஏன்?

வெசா என்பது திரை அட்டைகளுக்கான பொது விதி, அதன் தகவலும் 10எச் வழியாகத்தான் வரும். அதை வாங்கும் ஸ்ட்ரக்சரில் கம்பைலர் இடைவெளி விட்டிருக்கிறது. 4எஃப்00எச் தரும் தகவலில் முதல் நான்கு பைட் பெயர், அடுத்த இரண்டு பதிப்பு எண், ஆறாவது பைட்டில் ஒரு நான்கு பைட் பாயின்டர். ஜிசிசி நான்கு பைட் மாறியை நான்கின் மடங்கில் வைக்க விரும்பி எட்டாவது பைட்டுக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து எல்லாமே இரண்டு பைட் பிசகும். ஸ்ட்ரக்சருக்கு பேக்டு என்ற பண்பைக் கொடுங்கள். பதிப்பு 2-க்கான முழுத் தகவல் வேண்டுமானால் கூப்பிடுவதற்கு முன்பே பஃபரின் முதல் நான்கு பைட்டில் ‘விபிஇ2’ என்று ஆங்கில எழுத்தில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும், பஃபரும் 512 பைட் இருக்க வேண்டும். வெறும் வரவுப் பஃபர்தானே என்று டாஸ்மெம்புட்டை விட்டுவிடுகிறவர்கள் இங்கே மாட்டுவார்கள்.

டிபிஎம்ஐ_இன்ட் -1 தரவில்லை. ஆனால் வேலை நடக்கவில்லையே?

-1 வந்தால் இன்டரப்டைக் கூப்பிடவே முடியவில்லை என்று அர்த்தம். அது வராததால், கூப்பிட்டாயிற்று என்று மட்டும்தான் தெரிகிறது. அந்த இன்டரப்ட் தோற்றதா என்பது வேறு இடத்தில் இருக்கிறது. டாஸுக்கும் டிஸ்குக்கும் பட்டியலில் உள்ள ஃபிளாக்ஸின் கடைசி பிட், அதாவது கேரி, எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் டாஸின் பிழை எண் ஏஎக்ஸ்-இல், டிஸ்கின் பிழை எண் ஏஎச்-இல். வெசாவுக்கு ஏஎக்ஸ் 004எஃப்எச் ஆக இருந்தால் வெற்றி. கோப்புப் பெயர் அனுப்பி ‘கோப்பு இல்லை’ என்ற எண் 2 வந்தால், பெரும்பாலும் நீளத்தை எஸ்டிஆர்லென் மட்டும் வைத்துக் கணக்கிட்டு, முடிவில் உள்ள சுழி பைட்டை உள்ளே அனுப்பாமல் விட்டிருப்பீர்கள். ஒன்று கூட்டுங்கள்.

ஃபிளாப்பி படித்தால் சில சமயம் பிழை 09எச். மெஷினுக்கு மெஷின் மாறுகிறது.

ஃபிளாப்பியிலிருந்து நினைவகத்துக்குத் தரவைச் சுமக்கும் டிஎம்ஏ சிப் 64 கேபி எல்லையைத் தாண்டி எழுதாது. உங்கள் பஃபர் அந்த எல்லையில் குறுக்கே படுத்திருக்கிறது. எங்கே படுக்கும் என்பது அந்த மெஷினில் என்னென்ன டிரைவர் ஏற்றியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1.44 எம்பி ஃபிளாப்பியின் ஒரு டிராக் 18 செக்டர், 9216 பைட். அதைப்போல இரண்டு மடங்கு டாஸ் இடம் வாங்குங்கள், இரண்டு பாதியில் ஒன்றாவது எல்லையைத் தாண்டாமல் இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

நியர் பாயின்டர் என்று ஒன்று இருக்கிறதாமே, இவ்வளவு நகல் வேலை வேண்டாமாமே?

இருக்கிறது. அதை இயக்கினால் உங்கள் டேட்டா செக்மென்டின் எல்லை 4 ஜிபி வரை விரிந்துவிடும், டாஸ் இடத்தைச் சாதாரண பாயின்டராலேயே தொடலாம். கூடவே புரொடக்டட் மோடின் காவலும் போய்விடும். ஒரு தவறான பாயின்டர் டாஸையே அழிக்கலாம். டிபிஎம்ஐ தரும் எல்லா நிரலும் (ஹோஸ்ட்) அனுமதிப்பதும் இல்லை. விளையாட்டு நிரலில் நொடிக்குப் பல முறை திரையை நிரப்புகிறவர்களுக்கு அது சரி. 2048 பைட்டை ஒரு தடவை நகலெடுக்க மிச்சமாகும் நேரத்தில் லாரி ஒரு அங்குலம்கூட மேடையில் ஏறியிருக்காது. கணக்குப் பார்க்கும் நிரலில் இதை யாராவது போட்டிருந்தால் நான் எடுத்துவிடுவேன்.

இன்ட்86 போதாதா?

பஃபர் இல்லாத இன்டரப்டுக்குப் போதும். அதில் செக்மென்ட் ரெஜிஸ்டரே போட முடியாது. பஃபர் என்று வந்துவிட்டால் டிபிஎம்ஐ_இன்ட்டுக்கே பழகிக்கொள்ளுங்கள்.

மவுஸ் டிரைவருக்கு என் ஃபங்ஷனின் முகவரியைக் கொடுக்க வேண்டும்.

அது பஃபர் இல்லை, எதிர்த்திசை அழைப்பு. மவுஸ் இன்டரப்டான 33எச்-இன் 000சிஎச் இஎஸ்:டிஎக்ஸ்-இல் கேட்பது ரியல் மோடில் ஓடக்கூடிய கோடின் முகவரி. 0303எச் சர்வீஸ் வழியாக ஒரு ரியல் மோடு கால்பேக் முகவரி வாங்கி அதைக் கொடுக்க வேண்டும். அந்த ஃபங்ஷனும் அது தொடும் மாறிகளும் டிஸ்குக்கு இடம் மாற்றப்படாமல் பூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். எடை மேடைத் திரைக்கு மவுஸ் எதற்கு என்பது என் கேள்வி. மவுஸ் நிலையைச் சுழற்சியில் 0003எச் கொண்டு கேட்டால் போதும், பஃபரும் வேண்டாம், கால்பேக்கும் வேண்டாம்.

நாங்கள் வாட்காம்.

0300எச் உங்களுக்கும் அதேதான், இன்ட்386எக்ஸ் வழியாக 31எச்-ஐ நீங்களே கூப்பிட வேண்டும், 50 பைட் ஸ்ட்ரக்சரையும் நீங்களே எழுத வேண்டும். 0100எச் கொண்டு டாஸ் இடம் வாங்குங்கள். வாட்காமோடு வரும் டாஸ்/4ஜிடபிள்யூ-வில் செக்மென்ட் சுழியிலிருந்து தொடங்குவதால் வாங்கிய இடத்தை செக்மென்ட் பெருக்கல் 16 என்ற பாயின்டராக நேரடியாகவே தொடலாம், டாஸ்மெம்புட் போன்றது தேவையில்லை. அதே கோடை டிஜேஜிபிபி-க்குக் கொண்டுவந்தால் அந்த வரிகள்தான் முதலில் உடையும்.

புது மெஷினில் ஓடுமா?

32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி-யில் டிபிஎம்ஐ உள்ளேயே இருக்கிறது, ஓடும். 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலுக்கு இடமே இல்லை, டாஸ் மெஷினைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற நிரலை வைக்க வேண்டும். டாஸ்பாக்ஸும், ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸும் தாமாக டிபிஎம்ஐ தராது. சார்லஸ் சாண்ட்மன் எழுதிய சிடபிள்யூஎஸ்டிபிஎம்ஐ கோப்பை நிரல் இருக்கும் அதே அடைவில் போட்டுவிடுங்கள், ஸ்டப் தானே கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ளும். ‘டிபிஎம்ஐ இல்லை’ என்று தொலைபேசி வந்தால் யாரோ அந்தக் கோப்பை வைரஸ் என்று நினைத்து அழித்திருப்பார்கள். பென் டிரைவில் ஒரு பிரதி எப்போதும் இருக்கட்டும்.